பந்தலூர் தங்க வேட்டை: காடு கணக்கில் வராத கதை

தங்கச் சுரங்கம் என்றதும் எல்லோருக்கும் கோலார்தான் ஞாபகத்துக்கு வரும். கொஞ்சம் உலக சரித்திரம் படித்தவர்கள் கலிபோர்னியா, ஆஸ்திரேலியா என்பார்கள். ஆனால் நம்ம நீலகிரி மாவட்டத்தில், கூடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் பந்தலூரும் தேவாலாவும் ஒரு காலத்தில் லண்டன் பணக்காரர்களைத் தூங்கவிடாமல் செய்த ஊர்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பித்தான் ஆக வேண்டும். 1879 கடைசியில் தொடங்கி 1881 வரைக்கும், இந்தக் காட்டில் தங்கம் எடுக்கப் போகிறோம் என்று சொல்லி இங்கிலாந்தில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் ஆரம்பிக்கப்பட்டன. காகிதத்தில் அவற்றின் மொத்த மூலதனம் நாற்பது லட்சம் பவுனுக்கும் மேல். அந்தக் காலத்து நாற்பது லட்சம் பவுன்! அதில் பெரும்பாலான கம்பெனிகள் சில வருடங்களிலேயே காணாமல் போய்விட்டன.

சரி, அங்கே தங்கமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. தங்கம் இருந்தது. இன்றும் இருக்கிறது. பிறகு எங்கே தப்பு நடந்தது? அதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆற்றில் அரித்தவர்கள்

தங்கம் தண்ணீரைவிட ஏறத்தாழ 19 மடங்கு கனமானது. சாதாரண மணல் இரண்டரை மடங்குதான். மழை வந்து மலையைக் கரைக்கும்போது பாறையில் இருந்த தங்கத்துகளும் ஆற்றோடு வரும். வெள்ளத்தின் வேகம் எங்கே குறைகிறதோ அங்கே கனமான துகள் முதலில் அடியில் தங்கிவிடும். ஆற்று வளைவின் உள்பக்கம், பெரிய பாறைக்குப் பின்னால், அடிப்பாறையின் வெடிப்பு... இப்படிப்பட்ட இடங்கள்தான் தங்கம் தேடுகிறவனுக்கு முக்கியம். உலகத்தில் எந்த ஆற்றிலும், எந்த இயந்திரத்தை வைத்துத் தூர் வாரினாலும், தேடும் விதி இதுதான்.

பந்தலூர், தேவாலா பக்கத்து ஓடைகள் பாண்டியாறு, புன்னம்புழா வழியாக நிலம்பூர்ப் பக்கம் இறங்கி சாலியாற்றில் சேருகின்றன. இந்த ஓடைகளில் பணியர், குறும்பர் போன்ற பழங்குடி மக்கள் வெகு காலமாகத் தங்கம் அரித்து வந்தார்கள். கருவி என்று பார்த்தால் ஒரு மரத்தட்டுதான். மண்ணையும் தண்ணீரையும் தட்டில் போட்டுச் சுழற்றிச் சுழற்றி லேசான மணலை வெளியே தள்ளுவார்கள். கடைசியில் அடியில் கருமணல் நிற்கும். அதற்குள் ஒன்றிரண்டு மஞ்சள் புள்ளி மின்னும். அதைப் பாதரசத்தில் ஒட்டவைத்து எடுத்து, பிறகு சூடு காட்டிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுவார்கள். (பாதரச ஆவி பெரிய விஷம்.)

இவர்கள் இதில் பணக்காரர் ஆகவில்லை. பணியர் அந்தக் காலத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகள். 1843-ல் அடிமை முறைக்கு எதிரான சட்டம் வந்த பிறகும் அவர்கள் நிலை உடனே மாறிவிடவில்லை. அரித்தது இவர்கள் கை, அனுபவித்தது நில உரிமையாளர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எந்த மாதத்தில் ஆற்றில் இறங்கலாம், எந்தத் திருப்பத்தில் மண் அள்ளலாம், எப்போது காட்டை விட்டு ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.

வெள்ளைக்காரன் மூக்கில் வியர்த்தது

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தத் தங்கத்தின் மேல் ரொம்ப நாளாகவே ஒரு கண். மலபாரில் அதிகாரியாக இருந்த பேபர், 1830-ல் இங்கிலாந்து பிரபுக்கள் சபையின் குழு முன்னால் மலபார்ப் பகுதியின் தங்கத்தைப் பற்றிச் சாட்சி சொன்னார். 1831-ல் லெப்டினன்ட் நிக்கல்சன் என்ற ராணுவ அதிகாரி, நிலம்பூர் பக்கமும் வயநாட்டிலும் தங்கம் தேட அனுப்பப்பட்டார். அவர் உற்சாகமாகத்தான் எழுதினார். ஆனாலும் சில வருடங்களில் அரசாங்கம் அந்த முயற்சியைக் கைகழுவிவிட்டது.

பிறகு நாற்பது வருடம் தங்கத்தைப் பற்றிப் பெரிய பேச்சில்லை. அந்த இடைவெளியில் வயநாட்டுக் காடு அழிக்கப்பட்டு காப்பித் தோட்டம் ஆனது.

காப்பிக்கு இந்தக் கதையில் முக்கியமான வேடம். 1860களில் தண்டு துளைப்பான் பூச்சி வந்தது. 1870களில் இலைத்துரு நோய் வந்தது. தோட்ட முதலாளிகள் கடனில் மூழ்கினார்கள். அந்த நேரம் பார்த்து, காப்பிச் செடி நிற்கும் அதே நிலத்துக்கு அடியில் வெண்கல் பாறையில் தங்கம் ஓடுகிறது என்ற பேச்சு கிளம்பினால் எப்படி இருக்கும்? செத்துக்கொண்டிருந்த தோட்டத்துக்குப் புது உயிர்! காப்பித் தோட்டமாக விற்றால் வாங்க ஆளில்லை. தங்க நிலமாக விற்றால் லண்டனில் வரிசையில் நிற்கிறார்கள்.

1874-ல் ஆல்பா என்ற கம்பெனி தேவாலா பக்கத்தில் முதலில் களம் இறங்கியது. 1875-ல் இந்திய புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் இந்தப் பகுதியைப் பற்றி ஒரு அறிக்கை கொடுத்தார். 1877-ல் தென்கிழக்கு வயநாடு மலபார் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. (அதனால்தான் இன்று பந்தலூர் தமிழ்நாட்டில் இருக்கிறது.) 1879-ல் ராபர்ட் ப்ரோ ஸ்மித் என்ற நிபுணர் வந்து சேர்ந்தார். இவர் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் சுரங்கத் துறையின் செயலாளராக இருந்தவர். அங்குள்ள தங்க வயல்களைப் பற்றிப் பெரிய புத்தகமே எழுதியவர். அவருடைய அறிக்கை 1880-ல் வந்தது. நிறையப் பாறைத் தொடர்கள் இருக்கின்றன, முறையாகச் செய்தால் லாபம் வரும் என்ற நம்பிக்கையான தொனி அதில் இருந்தது.

அவ்வளவுதான். நெருப்பு பற்றிக்கொண்டது.

போகிற வழி

இப்போது 1880-ல் சென்னையில் இறங்கும் ஒரு சுரங்க இன்ஜினியரின் இடத்தில் உங்களை வைத்துக்கொள்ளுங்கள். பந்தலூருக்கு எப்படிப் போவது?

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்டது. நம்ம திருவள்ளூர், கடம்பத்தூர், அரக்கோணம் வழியாகப் போகும் அதே பாதைதான். 1862-ல் அது மேற்குக் கரையில் பேப்பூர் வரை போய்ச் சேர்ந்தது. 1873-ல் மேட்டுப்பாளையத்துக்கு ஒரு கிளை வந்தது. ஆக, கடம்பத்தூரைத் தாண்டி மேட்டுப்பாளையம் வரை ரயிலில் சுகமாகப் போய்விடலாம். அதற்கு அப்புறம்தான் சிக்கல். மலை ரயில் குன்னூருக்கு வந்ததே 1899-ல். அதனால் குதிரை வண்டியிலோ மாட்டு வண்டியிலோ குன்னூர், ஊட்டி ஏற வேண்டும். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்க வேண்டும், சுமார் 50 கிலோமீட்டர். அங்கிருந்து நாடுகாணி, தேவாலா, பந்தலூர், இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் காடு.

ஆள் போவதற்கே இந்தப் பாடு. பாறையை இடித்துப் பொடியாக்கும் இரும்பு உலக்கை இயந்திரம் எப்படிப் போகும்? ஒவ்வொரு உலக்கையும் நூற்றுக்கணக்கான கிலோ. அதோடு கொதிகலன், தண்ணீர்ச் சக்கரம், குழாய். மேற்குக் கரைப் பக்கம் இருந்து வந்தால் நிலம்பூரிலிருந்து நாடுகாணிக்கு ஏறும் கார்கூர் மலைப்பாதை. எந்தப் பக்கம் வந்தாலும் மாடு இழுத்தாக வேண்டும். மழையில் பாதை சரிந்தால் வண்டி அங்கேயே நிற்கும். லண்டன் ஆபீசில் மாதச் சம்பளமும் வாடகையும் ஓடிக்கொண்டே இருக்கும்.

காட்டின் காலண்டர்

தேவாலா தென்னிந்தியாவில் ரொம்ப அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. ஓடை பெருகி, தோண்டிய குழியெல்லாம் தண்ணீர் நிற்கும். அட்டைக் கடி. மண்சரிவு. யானை, புலி, பாம்பு எல்லாம் அது அதன் வீட்டில் இருந்தன. விருந்தாளி இவர்கள்தான்.

ஆனால் யானையைவிட, புலியைவிட அதிகம் பேரைச் சாய்த்தது ஒரு கொசு. வயநாட்டுக் காய்ச்சல் என்று பெயர் வாங்கிய மலேரியா, மழைக்கு முந்தைய கோடை மாதங்களில் கடுமையாக இருக்கும். சமவெளியிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த கூலியாட்கள் அந்த மாதங்களில் ஊருக்குத் திரும்பிவிடுவது வழக்கம். ஆக, கோடையில் காய்ச்சல், அதற்கு அப்புறம் மழை. கணக்குப் போட்டுப் பார்த்தால் நிம்மதியாக வேலை செய்ய வருடத்தில் பாதிகூடத் தேறாது!

இதில் ஒரு வேடிக்கை. மலேரியாவுக்குக் காரணம் கெட்ட காற்று என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். தங்க மோகம் உச்சியில் இருந்த அதே 1880-ல்தான் அல்ஜீரியாவில் லவரான் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர் நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியைப் பார்த்தார். கொசுவுக்கும் அதற்கும் உள்ள சம்பந்தத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். ஆனால் காரணம் தெரியாவிட்டாலும் மருந்து தெரியும். கொயினா எடுக்கப்படும் சிங்கோனா மரத்தை 1860களிலிருந்தே அரசாங்கம் நீலகிரியில் வளர்த்து வந்தது. எங்கே தெரியுமா? ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் வழியில் இருக்கும் அதே நடுவட்டத்தில்! தங்கம் தேடிப் போனவர்கள் மருந்துத் தோட்டத்தின் ஓரமாகத்தான் காய்ச்சல் காட்டுக்குள் இறங்கினார்கள்.

பணம் போன வழி

காமர்ஸ் படிக்கிறவர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டிய இடம் இது.

கம்பெனி ஆரம்பிக்கிறார்கள். ப்ராஸ்பெக்டஸ் அச்சடிக்கிறார்கள். மக்கள் ஷேர் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கு எங்கே போனது? சுரங்கத்துக்கு இல்லை. தோட்டத்தை விற்றவர்களுக்கு நிலத்தின் விலையாகவும், கம்பெனியை உருவாக்கிய புரமோட்டர்களுக்கு லாபமாகவும் போனது. மீதியில் வீடு, ரோடு, இயந்திரம், சம்பளம். ஒன்றிரண்டு வீடுகள் இருந்த பந்தலூரில் தபால், தந்தி ஆபீஸ், ஹோட்டல், குதிரைப் பந்தய மைதானம் வரை வந்துவிட்டது. எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. ஒரு டன் பாறையில் உண்மையிலேயே எவ்வளவு தங்கம் இருக்கிறது என்ற நிதானமான பரிசோதனை.

சின்னதாக ஒரு கணக்கு. அப்போது சுத்தத் தங்கம் ஒரு அவுன்ஸ் (சுமார் 31 கிராம்) ஏறத்தாழ நாலேகால் பவுன். ஒரு அவுன்ஸில் 20 பென்னிவெயிட். டன்னுக்கு ஒரு அவுன்ஸ் கிடைத்தால் டன்னுக்கு நாலேகால் பவுன், பிரமாதமான தொழில். டன்னுக்கு 2 பென்னிவெயிட் (3 கிராம் சொச்சம்) மட்டும் கிடைத்தால்? எட்டரை ஷில்லிங். அதாவது அரைப் பவுன்கூட இல்லை. அதற்குள் பாறையை வெட்ட வேண்டும், இழுக்க வேண்டும், இடிக்க வேண்டும், ஆளுக்குச் சோறு போட வேண்டும், காய்ச்சல் வந்தவனைப் பார்க்க வேண்டும். பள்ளத்தில் பொறுக்கி எடுத்த நல்ல கல்லைச் சோதித்தால் ஒரு அவுன்ஸ், இரண்டு அவுன்ஸ்கூட வரும். மொத்தப் பாறையையும் இடித்தால் சில பென்னிவெயிட்தான். மாதிரிக் கல்லுக்கும் மலைக்கும் உள்ள இந்த வித்தியாசத்தில்தான் லட்சக்கணக்கான பவுன் காணாமல் போனது.

இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் உண்மை தெரிந்துவிட்டது. ஷேர் விலை சரிந்தது. கம்பெனிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பாடுபட்டுக் கொண்டுவந்த இயந்திரங்கள் காட்டிலேயே துருப்பிடித்தன. 1901-ல் புவியியல் ஆய்வுத் துறைக்காக ஹேடன், ஹாட்ச் என்ற இரண்டு நிபுணர்கள் பழைய சுரங்கங்களை மறுபடி முறையாகச் சோதித்தார்கள். தங்கம் இருக்கிறது, ஆனால் எடுத்தால் கட்டுப்படியாகாது என்பதுதான் அவர்கள் கண்ட முடிவு. இருபது வருடம் முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை!

கோலாரில் மட்டும் எப்படி?

இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். கோலாரிலும் கதை இப்படித்தான் ஆரம்பித்தது. 1802-ல் ஜான் வாரன் என்ற லெப்டினன்ட், மைசூர் எல்லையை அளக்க வந்தபோது அங்குள்ள கிராமத்து ஜனங்கள் மண்ணை அரித்துத் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அதைப் பல வருடம் கழித்துப் படித்த லாவெல் என்ற முன்னாள் சிப்பாய், 1871-ல் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு நேரில் போய்ப் பார்த்து, 1873-ல் மைசூர் அரசிடம் அனுமதி வாங்கினார். பணம் போதாமல் அவரும் உரிமையை மற்றவர்களுக்குக் கைமாற்றினார். 1880-ல் அங்கேயும் கம்பெனிகள் முளைத்தன. அங்கேயும் பணம் கரைந்தது. மைசூர் மைன் கம்பெனியின் கையில் கடைசியாக இருந்தது வெறும் 13,000 பவுன். மூடிவிடலாம் என்ற பேச்சு வந்தது. ஜான் டெய்லர் கம்பெனி வற்புறுத்தியதால் கடைசி முயற்சியாக கேப்டன் பிளம்மர் என்பவரை அனுப்பினார்கள். அவர் புதிதாக எங்கும் தேடவில்லை. பழங்காலத்து ஆட்கள் தோண்டிவிட்டுப் போன குழிகளுக்குக் கீழேயே இறங்கினார். சாம்பியன் பாறைத் தொடர் கிடைத்தது. 2001-ல் மூடப்படும் வரை கோலார் கொடுத்த தங்கம் சுமார் 800 டன். ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல்.

பிளம்மர் புத்திசாலி, பந்தலூர்க்காரர்கள் முட்டாள்கள் என்று முடிவுகட்ட முடியாது. பந்தலூரிலும் பழைய குழிகள் இருந்தன. கோலார் பாறையில் சரக்கு இருந்தது, பந்தலூர்ப் பாறையில் போதுமானது இல்லை, அதிர்ஷ்டமும் ஒரு பங்கு. ஆனால் அதிர்ஷ்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க 13,000 பவுன் போதும், நாற்பது லட்சம் பவுன் தேவையில்லை! கோலார் வெற்றியும் சும்மா வந்துவிடவில்லை. வட ஆற்காடு பக்கமிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் பாறை வெடிப்பிலும் நுரையீரல் நோயிலும் உயிரைக் கொடுத்து எடுத்த தங்கம் அது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

பந்தலூர்க் கதையை ஒரு பயணத் திட்டமாகப் பார்த்தால் நாலு பாடம் கிடைக்கிறது.

1. முதலில் சோதனை, பிறகு பணம். ஐந்து பேர், ஒரு சீசன், நூறு இடத்தில் மாதிரி. கைப்பிடிக் கல்லை இல்லை, மொத்தப் பாறையையும் சோதிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இயந்திரம்.

2. காலண்டரைக் காடு எழுதட்டும். மழை, காய்ச்சல் போக எத்தனை மாதம் மிச்சமோ அதுதான் வேலை நாள். பன்னிரண்டு மாதச் சம்பளத்துக்கு அந்த மாதங்கள் சம்பாதித்துக் கொடுக்குமா?

3. ஆபத்தும் ஒரு செலவுதான். கொயினா, மருத்துவர், சரியும் ரோடு, பாதியில் ஓடிப்போகும் ஆள்... இதெல்லாம் கணக்குப் புத்தகத்தில் ஏறவில்லை என்றால் லாபம் என்று காட்டுவது பொய்.

4. உள்ளூர் ஆளைக் கேள். மரத்தட்டோடு பணியர் ஆற்றில் நாள் முழுக்க நின்று எடுத்தது சில புள்ளிகள்தான். அந்த விவரமே ஒரு அறிக்கைக்குச் சமம். அதைப் படித்தறிய யாருக்கும் பொறுமை இல்லை.

இங்கிலாந்தில் சட்டமும் மெதுவாக விழித்துக்கொண்டது. ப்ராஸ்பெக்டஸில் தவறான தகவல் இருந்தாலும், வேண்டுமென்றே ஏமாற்றினார்கள் என்று நிரூபித்தால்தான் டைரக்டர்கள் மாட்டுவார்கள் என்ற நிலை 1889-ல் டெர்ரி எதிர் பீக் வழக்கில் உறுதியானது. அது ஒரு டிராம் கம்பெனி வழக்கு. அதற்கு அடுத்த வருடமே, 1890-ல், டைரக்டர்களைப் பொறுப்பாக்கும் சட்டம் வந்தது. இன்று நம்ம நாட்டில் 2013 கம்பெனிச் சட்டத்தின் 34, 35-வது பிரிவுகள் இதே வேலையைச் செய்கின்றன. பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் அந்தப் பிரிவுகளுக்குப் பின்னால் இப்படிக் காசு இழந்த எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதற்காக ஏமாற்று நின்றுவிட்டதா? 1997-ல் கனடாவின் ப்ரீ-எக்ஸ் கம்பெனி, இந்தோனேசியக் காட்டில் பெரிய தங்கச் சுரங்கம் இருப்பதாகச் சொன்னது பொய் என்று தெரிந்தது. மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தைக் கலந்திருந்தார்கள். மறுபடியும் அதே தூரத்துக் காடு, அதே மாதிரிக் கல்!

பந்தலூர் என்ன ஆயிற்று? தங்கம் போன பிறகு தேயிலை வந்தது. 1968-ல் தமிழ்நாடு அரசு, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்காகத் தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. பின்னாளில் டான்டீ ஆன அந்தத் தோட்டங்கள் பந்தலூர், சேரம்பாடி, கூடலூர் பக்கமும் பல குடும்பங்களுக்கு வேலை கொடுத்தன. லண்டன் ஆபீஸ்கள் பணத்தைக் கொட்டியும் கிடைக்காத மஞ்சள் பொருளைவிட, மழையையும் மலையையும் அனுசரித்து வளர்ந்த பச்சை இலைதான் அங்கே சோறு போட்டது.

ஆனாலும் ஆசை விடுவதில்லை. தேவாலா பக்கம் கைவிடப்பட்ட பழைய சுரங்கங்களில் ரகசியமாக இறங்கி, மூச்சுத் திணறியும் மண் சரிந்தும் செத்தவர்கள் உண்டு. அவர்கள் லண்டன் முதலாளிகள் இல்லை. நாலு காசு கிடைக்காதா என்று டார்ச் லைட்டோடு இறங்கியவர்கள். 1880-ல் யாரோ சோதிக்காமல் தோண்டிய குழி, நூறு வருடம் தாண்டியும் ஆள் கேட்கிறது.

அடுத்த தடவை யாராவது "ஒரு இடம் இருக்கு, பணம் போட்டா பத்து மடங்கு" என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: டன்னுக்கு எத்தனை கிராம், யார் சோதித்தார்கள்?